ஐந்து மாடியும் ஒரு சில்வியாவும்: முகம் தெரியாமல் நாங்கள் விளையாடிய ஜாக்கி சான் படம்

கிழக்கிலங்கையில், எங்கள் பக்கத்தில், அந்த ரீவி கேமுக்குக் 'குங்ஃபூ' என்றுதான் பெயர். களுவாஞ்சிகுடியிலும் சரி, கல்முனையிலும் சரி, ரீவி கேம் பெட்டியில் கசற்றைச் செருகினால் மாரியோவுக்கும் கொன்ட்ராவுக்கும் பக்கத்தில் அந்தப் பெயர் நிற்கும். வெள்ளை உடுப்புக்காரன் ஒருவன் வலது பக்கத்திலிருந்து நடந்து வருவான். ஊதா உடுப்புப் போட்ட ஆக்கள் இரண்டு பக்கத்தாலும் அவன் மேல் பாய்வார்கள். குத்து, உதை, குனி, பாய். ஐந்து மாடி ஏறி முடித்தால் கதிரையில் கட்டிவைத்திருக்கும் பெண்ணை மீட்கலாம். கதை அவ்வளவுதான்.

அது ஒரு ஜாக்கி சான் படத்திலிருந்து வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியவந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் ஜாக்கி சானை நாங்கள் அறியாதவர்கள் அல்ல. ஜெனரேட்டர் பிடித்து, டெக்கையும் ரீவியையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் போட்டு விடிய விடியப் படம் பார்த்த ஊர்களில் ரஜினிக்கும் விஜயகாந்துக்கும் இடையில் ஒரு ஜாக்கி சான் கொப்பி கட்டாயம் இருக்கும். அப்படிப் பார்த்துப் பழகிய மனிதரையே கையில் பிடித்து ஆட்டியும் எங்களால் அடையாளம் காண முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. படத்தின் முகத்தையும் கதையையும் தூக்கி வைத்துவிட்டு, அடியின் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்ட விளையாட்டு அது. சினிமாவை வைத்துச் செய்த பெரும்பாலான விளையாட்டுகள் செத்துப்போக, இது நின்றதற்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் படத்தைப் பார்ப்போம். 1984 இல் ஹொங்கொங்கில் வெளியான 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்'. இயக்கியவர் சாமோ ஹங். ஜாக்கி சான், யுவென் பியாவோ, சாமோ ஹங் மூவரும் சின்ன வயதிலேயே ஒரே பீக்கிங் ஒப்பெராப் பள்ளியில் அடிபட்டு வளர்ந்தவர்கள். படம் பிடிக்கப்பட்டது ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில். தோமஸ், டேவிட் என்ற இரண்டு சீன இளைஞர்கள் அங்கே வானில் சாப்பாடு விற்கிறார்கள். சில்வியா என்ற பெண் அவர்கள் வாழ்க்கைக்குள் வருகிறாள், பிறகு கடத்தப்படுகிறாள். நண்பர்கள் ஒரு கோட்டைக்குள் புகுந்து அவளை மீட்கிறார்கள். அந்தக் கோட்டையில் தோமஸாக வரும் ஜாக்கி சானும் அமெரிக்கக் கிக்பொக்ஸிங் வீரர் பென்னி உர்கிடெஸும் மோதும் சண்டையை, சண்டைப் படப் பிரியர்கள் இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள். உர்கிடெஸ் வீசும் ஒரு உதையின் காற்றில் வரிசையாக எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரிகள் அணையும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இந்தப் படத்துக்கு ஜப்பானில் வைத்த பெயர் 'ஸ்பார்ட்டன் எக்ஸ்'. அந்தப் பெயரோடு அதே 1984 இல் ஐரெம் என்ற ஜப்பானிய நிறுவனம் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிகளுக்கு ஒரு விளையாட்டை இறக்கியது. வடிவமைத்தவர் தகாஷி நிஷியாமா. அதற்கு முன் 1982 இல் நிலாத் தரையில் வண்டி ஓட்டும் 'மூன் பெட்ரோல்' விளையாட்டைச் செய்தவரும் இவர்தான்.

நிஷியாமா படத்திலிருந்து எடுத்தவை மிகக் கொஞ்சம்: தோமஸ் என்ற பெயர், சில்வியா என்ற பெயர், கடத்தப்பட்ட பெண்ணை மீட்க வேண்டும் என்ற முடிச்சு. பார்சிலோனா இல்லை, சாப்பாட்டு வான் இல்லை, கூட வரும் நண்பர்களும் இல்லை. தோமஸ் தனி ஆள். அவன் ஏறும் ஐந்து மாடிக் கட்டடமும் அந்தப் படத்தில் கிடையாது. அது புரூஸ் லீயிடமிருந்து வந்தது. 1973 ஜூலையில் இறந்துபோன புரூஸ் லீ ஒரு படத்தை அரைகுறையில் விட்டுச் சென்றார். ஐந்து அடுக்குக் கோபுரம், அடுக்குக்கு ஒரு வீரன் காவல், ஒவ்வொருவனுக்கும் வேறு வேறு சண்டைக் கலை, எல்லாரையும் வென்று மேலே போக வேண்டும் என்பது அவர் கற்பனை. அதில் அவர் எடுத்து முடித்திருந்த காட்சிகளை வைத்து, மிச்சத்தை வேறு ஆட்களைக் கொண்டு நிரப்பி, 1978 இல் 'கேம் ஒஃப் டெத்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். மஞ்சள் உடுப்போடு, தன்னைவிட எவ்வளவோ உயரமான கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜபாரோடு புரூஸ் லீ மோதுவது அந்தப் படத்தில்தான்.

ஆக, நாங்கள் ஆடியது ஜாக்கி சான் படத்தின் பெயரில் புரூஸ் லீயின் கட்டடம். சினிமாவில் முழுமையடையாத அந்தக் கோபுரத்தை முதல் மாடியிலிருந்து ஐந்தாம் மாடி வரைக்கும் ஏறிப் பார்க்கும் பாக்கியம் விளையாட்டுக்காரர்களுக்குக் கிடைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இனி உள்ளே போவோம், ஏனென்றால் இந்த விளையாட்டின் அறிவு முழுக்க அதன் கைகால்களில் இருக்கிறது. ஊதா உடுப்புக்காரர்கள் குத்துவதில்லை, உதைப்பதில்லை. கட்டிப்பிடிப்பார்கள். பிடித்த கணத்திலிருந்து மேலே இருக்கும் பலக் கோடு கரையத் தொடங்கும். இடம், வலம், இடம், வலம் என்று பொத்தானை உலுப்பி உதறிவிட வேண்டும். ஒருவன் பிடித்திருக்கும்போதே மற்றப் பக்கத்தால் இன்னும் இரண்டு பேர் வந்து ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. அடித்துக் கொல்வதைவிட அணைத்துக் கொல்வது பயங்கரம் என்பதை 8 பிட் பெட்டிக்குள் எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டார்கள்! நெருங்க விட்டால் ஆபத்து. ஆனால் குத்துக்கு உதையைவிடப் புள்ளி கூட, ஏனென்றால் கை எட்டும் தூரம் குறைவு, எதிரியைக் கிட்ட வரவிட்டால்தான் குத்தலாம். பயந்தவன் உதைத்துக்கொண்டு போவான். நெஞ்சுரம் உள்ளவன் நின்று குத்துவான். இப்படி ஒரு விதி இருக்கிறது என்று யாரும் எங்களுக்கு எழுதித் தரவில்லை. பாண்டிருப்பில் பெரியம்மா வீட்டு விறாந்தையில், பத்துப் பேர் குந்தியிருந்து பார்க்க, ஒருவர் ஆடி மற்றவர் கண்டுபிடித்ததுதான்.

கத்தி எறிகிறவன் சில நேரம் தலைக்கு எறிவான், சில நேரம் காலுக்கு எறிவான். தலைக்கு வந்தால் குனிய வேண்டும், காலுக்கு வந்தால் பாய வேண்டும். இரண்டாம் மாடியில் மேலிருந்து சாடிகள் விழுந்து உடையும், உள்ளிருந்து பாம்பு ஊரும். ஒவ்வொரு மாடியின் கடைசியிலும் ஒரு காவல்காரன். முதல் மாடியில் கம்புக்காரன். இரண்டாவதில் பூமராங் எறிகிறவன், எறிந்தது திரும்பியும் வரும். மூன்றாவதில் மலை மாதிரி ஒருவன். நான்காவதில் மந்திரவாதி, தலையில் அடித்தால் தலை கழன்று விழும், பார்த்துக்கொண்டிருக்கவே மறுபடி முளைக்கும். ஐந்தாவதில் மிஸ்டர் எக்ஸ்.

எங்கள் மாமா ஒருவர் வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிப்பவர். ஒருநாள் பின்னேரம் எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "டேய் மருமகன், கம்புக்காரனட தாளம் வேற, கத்திக்காரனட தாளம் வேற. தாளத்தப் பிடி, மறுகா அடி." நான் அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை. இன்றைக்கு யோசித்தால், இந்த விளையாட்டைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சரியானது இல்லை. மட்டக்களப்புக் கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவு என்று ஒன்று இருக்கிறது. அரசன் களரிக்கு வரும் தாளக்கட்டும் கட்டியகாரன் வரும் தாளக்கட்டும் ஒன்றாக இருக்காது. சுற்றியிருக்கும் சனம் உடுப்பைப் பார்க்கும் முன்பே, மத்தளத்தைக் கேட்டே வருவது யாரென்று சொல்லிவிடும். நிஷியாமாவின் காவல்காரர்களும் அப்படித்தான். கம்புக்காரனின் கம்பு எட்டும் தூரத்தில் நின்றால் அடி வாங்க வேண்டியதுதான். அவன் ஓங்கி முடித்து மறுபடி ஓங்குவதற்குள் ஒரு இடைவெளி வரும், அதற்குள் ஒட்டிப் போய்க் குனிந்து கொடுக்க வேண்டும். மேலே இரண்டு கோடுகள் நிற்கும், ஒன்று எங்கள் பலம், மற்றது அவன் பலம். அவன் கோடு குறையக் குறைய விறாந்தையில் சத்தம் கூடும்.

சினிமாக்காரர்களின் சண்டைக் காட்சியும் உள்ளே இப்படித்தான் கட்டப்படுகிறது. எண்ணி எண்ணி, தாளம் வைத்துப் பழகி எடுப்பது. ஒப்பெராப் பள்ளியில் வளர்ந்த ஜாக்கி சானின் அடிக்கு அந்தத் தாளம் இயல்பாகவே உண்டு. விளையாட்டு அதைத்தான் அள்ளிக்கொண்டது.

படத்தை வைத்து விளையாட்டுச் செய்வோர் பொதுவாக வழுக்கி விழும் இடமும் இதுவே. படம் தியேட்டருக்கு வரும் நாளில் அல்லது பண்டிகைக் காலத்தில் விளையாட்டும் கடைக்கு வந்துவிட வேண்டும், பெயர் சூட்டோடு விற்க வேண்டும். அதற்குள் அவசரம் அவசரமாக, படத்தில் வந்த காட்சிகளை வரிசையாக ஒட்டித் தருவார்கள். இதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் உதாரணம் அட்டாரி நிறுவனத்தின் 'ஈ.டி.'. அது அடிதடிப் படம் அல்ல, ஆனால் நோய் ஒன்றுதான். 1982 இல் ஹொவர்ட் ஸ்கொட் வார்ஷோ என்ற ஒற்றை மனிதருக்கு அதை எழுதக் கிடைத்தது ஏறக்குறைய ஐந்து கிழமை. விற்காமல் குவிந்த சரக்கை அடுத்த வருடம் நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014 இல் தோண்டிப் பார்த்தபோது கசற்றுகள் வெளியே வந்தன. அதே வார்ஷோ அதற்குச் சற்று முன்னர்தான் இந்தியானா ஜோன்ஸ் படம் ஒன்றை நல்ல விளையாட்டாக்கியிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். திறமைக் குறைவு அல்ல, நேரம்தான் இல்லை. மறுபக்கத்தில் ஜேம்ஸ் பொண்டின் 'கோல்டன் ஐ'. படம் 1995, விளையாட்டு 1997. இரண்டு வருடம் பிந்தி வந்தும் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பிந்தியதுதான் அதைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். தமிழில் பிறந்த 'கஜினி' 2008 இல் இந்திக்குப் போனபோது அந்த இந்திப் படத்தை ஒட்டிக் கணினி விளையாட்டு ஒன்றும் வந்தது. எங்கள் பக்கத்தில் அதை ஆடிய ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

குங்ஃபூவுக்கு இன்னொரு நல்ல காலமும் வாய்த்தது. ஜப்பானுக்கு வெளியே போனபோது படத்தின் பெயர் கழன்றுவிட்டது. அமெரிக்காவில் அது 'குங்ஃபூ மாஸ்டர்'. வீட்டுப் பெட்டிக்கு வந்தபோது வெறும் 'குங்ஃபூ'. தோமஸும் சில்வியாவும் மட்டும் ஊர் பெயர் தெரியாத அகதிகள் மாதிரி உள்ளே தங்கிவிட்டார்கள். படத்தைப் பார்த்தவர்தான் ரசிக்கலாம் என்ற கட்டு அதோடு அறுந்தது.

அந்த வீட்டுப் பெட்டி நின்டெண்டோவின் ஃபெமிகொம். 1983 ஜூலையில் ஜப்பானில் வந்தது. ஆனால் எங்கள் கைக்கு வந்தது அதன் நகல். தாய்வானிலும் சீனாவிலும் அச்சு அசலாகச் செய்து இறக்கிய பெட்டிகள். சவூதிக்கும் கட்டாருக்கும் உழைக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது பயணப்பெட்டியில் பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். காத்தான்குடிக் கடைகளிலும் கல்முனைப் பசாரிலும் வாங்கலாம். திறந்து பார்த்தால் உள்ளே அசல் பெட்டியில் இருந்த சில்லுகளின் இடத்தில் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று, ஒரு ரூபாக் குற்றி அளவில். மொத்த இயந்திரமும் அந்தப் பொட்டுக்குள். அதோடு வரும் மஞ்சள் கசற்றில் ஆயிரக்கணக்கான விளையாட்டு என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபதோ முப்பதோதான், மிச்சமெல்லாம் அதுவே திரும்பத் திரும்ப.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஜப்பான் தொலைக்காட்சி ஒரு செக்கனுக்கு 60 தடவை திரையை வரைகிறது. இலங்கையில் 50 தடவை. இந்தப் பழைய விளையாட்டுகள் நேரத்தை அந்த வரைவை வைத்துத்தான் எண்ணுகின்றன. எங்கள் முறைக்கு ஏற்றபடி செய்த நகல் பெட்டிகளில் ஆகவே எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். கத்தி மெதுவாக வரும், கம்பு மெதுவாக இறங்கும், பாட்டும் இழுத்துத்தான் போகும். பல வருடம் கழித்துக் கணினியில் அசல் வேகத்தில் ஆடிப் பார்த்தேன். முதல் மாடியிலேயே மூன்று தடவை விழுந்தேன். மாமா சொன்ன தாளம் என் கையில் அப்படியே இருந்தது, ஆனால் அது எங்கள் ரீவியின் தாளம்.

மின்சாரம் பற்றியும் சொல்லாமல் இந்தக் கதை முழுமைப்படாது. மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில், கரண்ட் வரும் போகும். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை ஊர்கள் பலவற்றில் அந்தக் காலத்தில் கரண்டே இல்லை. அங்கிருந்து படகில் வாவியைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு ரீவி கேம் என்பது சனி ஞாயிறு தரும் வரம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்த பிறகுதான் சாமான்களும் ஆக்களும் தாராளமாகப் போய்வந்தார்கள். என் கூட்டாளி ஒருவன் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மந்திரவாதியை வென்று ஐந்தாம் மாடிக்குப் போனவன் எங்களில் அவன்தான் முதல் ஆள். மந்திரவாதியின் தலையை விட்டுவிட்டு, குனிந்து கீழே அடித்தான். சில்வியாவை மீட்டதும் விளையாட்டு முடியாது, மறுபடி முதல் மாடியிலிருந்து, இன்னும் கடினமாகத் தொடங்கும். அதைக் கண்டு அவன் ஜொய்ஸ்டிக்கைக் கீழே வைக்கவேயில்லை. நாங்கள் ஆளாளுக்கு "மச்சான், எனக்கும் ஒருக்காத் தா" என்று கெஞ்சியபடி நின்றோம். பெரியம்மாவின் அந்த வீடும் பெட்டியும் 2004 டிசம்பர் 26 அன்று கடலோடு போயின. வீட்டார் தப்பிவிட்டார்கள்.

இந்த விளையாட்டின் வாரிசுகளைப் பார்த்தால்தான் அதன் உயரம் விளங்கும். ஃபெமிகொமுக்கு அதைக் கொண்டுவரும் வேலை நின்டெண்டோவில் ஷிகெரு மியாமொதோவின் கைக்குப் போனது. வெளிவந்தது 1985 ஜூனில். அதே வருடம் செப்டெம்பரில் மியாமொதோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வந்தது. இடையில் மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. பக்கவாட்டில் நகரும் திரையில் ஒருவனை ஓட்டிச் செல்லும் வித்தையை இந்தக் குங்ஃபூவிலும் அதற்கு முந்திய மோட்டார் சைக்கிள் விளையாட்டிலும் பழகித்தான் மாரியோவுக்கு வந்தோம் என்று அவரே சொல்லியிருக்கிறார். கசற்றுப் பட்டியலில் குங்ஃபூவும் மாரியோவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதை நாங்கள் தற்செயல் என்று நினைத்தோம். அவை அண்ணன் தம்பி மாதிரி.

நிஷியாமா ஐரெமை விட்டுக் கப்கொம் நிறுவனத்துக்குப் போனார். மாடி முடிவில் வரும் காவல்காரனோடு மோதும் அந்தச் சில நிமிடத்தையே முழு விளையாட்டாக்கினால் என்ன என்று யோசித்தார். வழியில் வரும் சின்ன ஆக்கள் வேண்டாம், மாடிப்படி வேண்டாம், இரண்டு பேர், இரண்டு பலக் கோடு, ஒவ்வொருவனுக்கும் தனித் தாளம். 1987 இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' அப்படிப் பிறந்தது. பிறகு அவர் எஸ்.என்.கே. நிறுவனத்துக்குப் போய் 1991 இல் 'ஃபேட்டல் ஃபியூரி'யைச் செய்தார். இன்றைக்குச் சண்டை விளையாட்டு என்று ஒரு பெருங்குலம் உலகம் முழுக்க இருக்கிறது. அதன் கொடியைப் பிடித்து வேருக்குப் போனால், வேரில் நிற்பது கம்பை ஓங்கிக்கொண்டிருக்கும் அந்த முதல் மாடிக் காவல்காரன்.

போன வருடம் தங்கச்சியின் மகனுக்குக் காத்தான்குடியில் ஒரு கையடக்க விளையாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். 400 விளையாட்டு உள்ளே. பட்டியலை உருட்டிக்கொண்டு போனவன் குங்ஃபூவைத் திறந்தான். அவனுக்கு ஒன்பது வயது, மாரியோவிலிருந்து தொடங்கிய பிள்ளை, எல்லா விளையாட்டிலும் வலது பக்கம் ஓடியே பழக்கம். தோமஸ் வந்து நின்றதும் வலது பொத்தானை அமத்தினான். போக இடமில்லை. இன்னும் அமத்தினான். அதற்குள் ஊதா உடுப்புக்காரன் ஒருவன் வந்து கட்டிப்பிடித்துவிட்டான்.

"மாமா, இது மற்றப் பக்கமாப் போற கேம்" என்றான்.

"ஓம் மருமகன். முதல் மாடி இடப்பக்கம், ரெண்டாம் மாடி வலப்பக்கம். படி ஏற ஏறக் கிறுகிக் கிறுகிப் போகும்."

அவன் தலையாட்டிவிட்டு, இடம் வலம் உலுப்பி அந்த ஆளை உதறி எறிந்தான். உலுப்பச் சொல்லி நான் சொல்லவில்லை.